சுவர் பக்கம் திரும்பி நிற்கும் அக்கா

வேலை முடிந்ததும் அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார். "இப்பத் தொறந்து பாருங்க. உங்களுக்கு இஷ்டமானது எதையாவது ஒண்ணத் தொறங்க. சரியா இருந்தாச் சொல்லுங்க" என்பார். கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தவர் தன் ஃபைல்களைத் திறந்து பார்க்கிற வரைக்கும் சுவரில் தொங்கும் காலண்டரையே பார்த்துக்கொண்டிருப்பார். "சரியா இருக்கும்மா" என்ற சத்தம் வந்தால்தான் திரும்புவார். முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். சிலருக்குக் கோபம்கூட வரும், என்னவோ தங்கள் பெட்டிக்குள் அசிங்கம் இருப்பது போல இந்தப் பொம்பளை நினைக்கிறாளே என்று.

உத்தமபாளையத்தில் கோர்ட்டுக்குப் போகும் சாலையில் எனக்கு டைப்பிங், ஜெராக்ஸ் கடை. பக்கத்துக் கடைதான் அக்காவுடையது, கம்ப்யூட்டர் ரிப்பேர். இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு மட்டும். அவர் இருமினால் எனக்குக் கேட்கும். என்னைவிடச் சில வயது மூத்தவர். பெயர் வேண்டாம். தன் பெயர் அடுத்தவர் வாயில் புழங்குவதை அவர் விரும்பியதே இல்லை.

அவருடன் பழக்கமானது என் கடைக் கம்ப்யூட்டரால்தான். நான் அதைப் பழசாகத்தான் வாங்கினேன். ஒரு மனுவைத் திறக்கச் சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டு வந்தாலும் அப்போதுதான் பாதி திறந்திருக்கும். நடுநடுவே அப்படியே உறைந்து நின்றுவிடும். ஒருநாள் காலையில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து நாலு வரி வந்ததோடு சரி, அதற்கு மேல் நகரவில்லை. வெளியே வக்கீல் குமாஸ்தா நிற்கிறார். வைரஸ்தான் புகுந்துவிட்டது என்று நினைத்துப் பக்கத்துக் கடைக்கு ஓடினேன்.

அக்கா வந்து நாற்காலியில் உட்காரவில்லை. தரையில் மண்டியிட்டு, பெட்டியில் காதை வைத்தார். என்னையும் கூப்பிட்டார்.

"கேக்குதா?"

"ஃபேன் சத்தம்க்கா."

"ஃபேன விடு. அதுக்குக் கீழ. நல்லாக் கேளு."

கேட்டது. எவர்சில்வர் டம்ளரில் நகத்தால் தட்டுகிற மாதிரி டிக், டிக் என்று. கொஞ்சம் நிற்கும், மறுபடி தட்டும்.

"ஹார்ட் டிஸ்க்கு. உள்ள ஒரு தட்டு சுத்துது, அத ஒரு முள்ளு படிக்குது. படிக்க முடியாம முள்ளு திரும்பத் திரும்ப வந்து முட்டுது. நீ இத எத்தன தடவ அமத்தி அமத்திப் போட்ட?"

"நெறைய."

"இனிப் போடாத. போடப் போட இருக்கறதும் போயிரும்."

அப்படிச் சொன்னாரே தவிர, உடனே டிஸ்க்கைத் தூக்கிப்போடவில்லை. ஒயரை மாற்றிப் பார்த்தார். கரண்ட் கொடுக்கும் பெட்டியை மாற்றிப் பார்த்தார். டிஸ்க்கைக் கழற்றி எடுத்துப் போய்த் தன் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தார். அங்கேயும் அதே டிக் டிக். அதன் பிறகுதான், "இது போகப்போகுதுத்தா. போறதுக்குள்ள எடுத்துருவோம்" என்றார். சாகாததைச் செத்துவிட்டது என்று சொல்லிவிடக் கூடாது என்பதில் அவருக்கு அவ்வளவு கவனம். செத்ததை உயிரோடு இருக்கிறது என்றும் சொல்ல மாட்டார். எத்தனையோ பேர் அவர் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். "இல்லைங்க, போயிருச்சு" என்பார். அதற்கு மேல் ஆறுதலாக ஒரு வார்த்தை வராது.

என் பழைய டிஸ்க்கை மேசையில் கிடத்தி, சூடாகாமலிருக்க டேபிள் ஃபேனை அதன் மேல் திருப்பிவைத்தார். புது டிஸ்க்குக்குக் காப்பி ஓடத் தொடங்கியதும் மானிட்டரை அணைத்துவிட்டார்.

"எதுக்குக்கா அமத்துறீக?"

"ஃபைல் பேரெல்லாம் வரிசையா ஓடும். எனக்கெதுக்கு அது?"

"எல்லாம் கோர்ட்டு மனுக்கா. நான் அடிச்சது."

"நீதேன் அடிச்ச. ஆனா மனு போட்டவுக ஒங்கிட்டத்தேன சொன்னாக? எங்கிட்டச் சொல்லலையே."

புது டிஸ்க்கை மாட்டி, எல்லாம் ஓட ஆரம்பித்த பிறகு, பழையதை என் கையில் கொடுத்தார். எனக்கெதற்கு என்றேன். "ஒன்னோடது" என்றார். எல்லோரிடமும் அப்படித்தான். பலர் வாங்காமல் போய்விடுவார்கள். அப்படி விட்டுப்போனதையெல்லாம் ஒரு துண்டுக் காகிதத்தில் பெயர் எழுதி ஒட்டி, பின்னால் இருந்த அலமாரியில் அடுக்கிவைத்திருந்தார். காயலான் கடைக்காரர் கேட்டு வருவார். அக்கா கொடுக்க மாட்டார்.

இந்தக் குணத்தால் அவருக்கு வந்த வம்புகள் கொஞ்சமல்ல. ஒரு டீச்சர் தன் லேப்டாப்பைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். வாங்கிப் போக அவருடைய புருஷன் வந்தார். அக்கா கொடுக்கவில்லை.

"அவ என் பொண்டாட்டிம்மா."

"சரிதேன். அவுகள ஒரு போன் போட்டு, குடுத்துருன்னு சொல்லச் சொல்லுங்க. குடுத்துர்றேன்."

"நான் எதுக்குப் போன் போடணும்? என் வீட்டுப் பொருள எடுக்க நான் யார்ட்டக் கேக்கணும்?"

அவர் கடைசிவரை போன் போடவில்லை. வாசலில் நின்று, வாழாவெட்டியாய் வந்தவளுக்கு என்ன தெரியும் குடும்பத்தைப் பற்றி என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார். அக்கா ஸ்குரு டிரைவரைக் கீழே வைக்காமல் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் டீச்சரே வந்து வாங்கிப் போனார். அதன்பிறகு அவர் எங்கள் சாலைப் பக்கமே வரவில்லை.

அக்கா கல்யாணமாகித் தேனிப் பக்கம் வாழப்போய்த் திரும்பி வந்தவர்தான். காரணத்தைப் பற்றி ஒரே ஒருமுறை பேசினார், அதுவும் மத்தியானச் சாப்பாட்டுக்கு நடுவில், வேறு எதையோ சொல்ல வந்து. "எங்க வீட்டுக்காரரு என் போன எடுத்துப் பாக்காத நாளு கெடையாது. நான் எங்கம்மாகூட மெசேஜ்ல பேசுனத எனக்கே வாசிச்சுக் காட்டுவாரு. சிரிச்சுக்கிட்டேதேன் வாசிப்பாரு." அவ்வளவுதான். ரசத்தை ஊற்றிக்கொண்டார். அவர் ஏன் இப்படி ஆனார் என்பதற்கு இது போதுமான காரணமா, எனக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு முன்பும் அவர் அப்படித்தான் இருந்தார் என்று அவருடைய அம்மா சொல்வார். வந்த தபாலைக்கூடப் பிரிக்காமல், யார் பெயர் போட்டிருக்கிறதோ அவர் கையில் கொண்டுபோய்க் கொடுக்கிற பிள்ளையாம்.

அவர் தன் வழக்கத்தைத் தளர்த்தியது, எனக்குத் தெரிந்து, ஒரே ஒரு தடவை. சின்னமனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். புருஷன் மாரடைப்பில் திடீரென்று போய்விட்டார். அவருடைய கம்ப்யூட்டரில் டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது, பிள்ளைகளின் சின்ன வயசுப் படங்களெல்லாம் அதில்தான் இருக்கின்றன என்று அழுதார். அக்கா வெகுநேரம் யோசித்தார். "செத்தவர்ட்ட எப்படிக் கேக்குறது?" என்று என்னிடம் கேட்டார். "பொண்டாட்டிதானக்கா, குடுங்க" என்றேன். எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மா கும்பிட்டுவிட்டுப் போனார்.

கொஞ்ச நாள் கழித்து அதே அம்மா வந்தார். கடைக்குள் ஏறவில்லை. தலைகூடச் சீவாமல் வாசலில் நின்றார். "பிள்ளைக படத்தத்தான கேட்டேன்? எல்லாத்தையும் ஏன் குடுத்த? நான் பாட்டுக்கு அவர நெனச்சு அழுதுக்கிட்டிருந்தேன். இப்ப அதுவும் இல்லாமப் பண்ணிட்டியே" என்றார். அந்த டிஸ்க்கில் புருஷனின் இன்னொரு குடும்பம் இருந்திருக்கிறது. அக்கா எழுந்து நின்றார். அன்று சாயங்காலம் கடையைச் சாத்தும்போது, "இனி யாரு அழுதாலும் மாட்டேன்" என்றார். அதை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அதுவரை அவரிடம் இருந்தது ஒரு கூச்சம் என்றுதான் நினைத்திருந்தேன். அன்றிலிருந்து அது இரும்பாகிவிட்டது.

அந்தப் பெண் வந்தது அதற்குப் பிறகுதான்.

ஸ்கூட்டியில் கால் வைக்கும் இடத்தில் கம்ப்யூட்டர்ப் பெட்டியை வைத்து, இரண்டு காலாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கியது. எம்.எஸ்ஸி. கடைசி வருஷம் படிக்கிற பிள்ளை. ஊருக்கு மேற்கே திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் பெரிய குடும்பம். அவள் அப்பாவைத் தெரியாதவர்கள் எங்கள் பக்கத்தில் குறைவு. மரியாதையான மனிதர், எதிரில் வந்தால் வண்டியை நிறுத்தி நலம் விசாரிக்கிறவர். அப்போது என் கடையில் மட்டும் ஃபியூஸ் போயிருந்ததால் அக்காவின் கடையில் உட்கார்ந்திருந்தேன்.

"ரொம்ப நாளாவே மெதுவாத்தேன்க்கா ஓடுச்சு. நேத்திலிருந்து சத்தம் வருது. என் பிராஜெக்ட், சர்ட்டிஃபிகேட் ஸ்கேன், எல்லாம் இதுலதேன் இருக்கு."

அக்கா பெட்டியில் காது வைத்தார். ஒயரை மாற்றினார். தன் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தார். வழக்கமான வரிசை. "பொழைக்குமா தெரியல. முயற்சி பண்றேன். புது டிஸ்க்கு மதுரையிலருந்து வரணும்" என்றார்.

"எப்ப வரட்டும்க்கா?"

"நானே போன் போடுறேன்."

அந்தப் பெண் கிளம்பாமல் நின்றது. துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே, "நாந்தேன்க்கா வருவேன். வேற யாரு வந்தாலும் குடுக்காதீக" என்றது.

"அப்பா வந்தாலுமா?"

"அப்பா வந்தாலும்."

அக்கா அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. தலையை ஆட்டினார்.

அந்த டிஸ்க் அவரைப் படுத்திவிட்டது. கொஞ்ச தூரம் காப்பி ஓடும், நின்றுவிடும். ஆற வைத்து, விட்ட இடத்திலிருந்து மறுபடி ஓட்டுவார். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் டேபிள் ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும். பெரும்பாலும் எடுத்தாகிவிட்டது என்று அவர் சொன்ன அன்றுதான் ஊரில் செய்தி பரவியது. அந்தப் பெண் காலேஜுக்குப் போனவள் வீடு திரும்பவில்லை. கூடப் படித்த பையனோடு போய்விட்டாள். பையன் வேறு சாதி. வெளியூர்க் காவல் நிலையம் ஒன்றில் இரண்டு பேரும் போய் நின்று, விருப்பப்பட்டுத்தான் கல்யாணம் செய்துகொண்டோம் என்று சொல்லிவிட்டு, அங்கிருந்தும் எங்கோ போய்விட்டார்கள் என்றார்கள். பையனுடைய அப்பா அம்மா வீட்டைப் பூட்டிவிட்டு ஊரைவிட்டே ஓடிவிட்டார்கள்.

அவள் அப்பா கடைக்கு வந்தார். தனியாகத்தான் வந்தார். வேட்டி சட்டை கசங்கியிருந்தது.

"ஏம்மா, எம்மக ஒரு பொட்டி குடுத்துச்சாம்ல இங்கன?"

"ஆமாங்கய்யா. இந்தா இருக்கு. பொட்டி உங்க வீட்டுப் பொருளு, எடுத்துட்டுப் போங்க. புது டிஸ்க்கு மாட்டியிருக்கேன். வெறும் டிஸ்க்குதேன், ஆனா நல்லா ஓடும்."

"பழசு?"

பலகைக்கு இந்தப் பக்கம் நான் டைப் அடிப்பதை நிறுத்தினேன்.

"பழசும் இருக்கு. அதுல இருந்து எடுத்ததும் இருக்கு. அத அந்தப் பிள்ள வந்துதேன் வாங்கணும்."

"அது வந்தா நான் ஏம்மா உங்கிட்ட வாரேன்?" அவர் குரல் உடைந்தது. "எந்த ஊருக்குப் போயிருக்கு, யாரு வீட்டுல இருக்கு, ஏதாச்சும் அதுல இருக்கும்ல. பெத்தவன் கேக்குறேன்."

"நான் எதையும் பாக்கலைங்கய்யா."

"நீ பாக்க வேணாம். குடு. நான் பாத்துக்கிறேன்."

"மாட்டேங்கய்யா."

அவர் சத்தம் போடவில்லை. பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போனார். அவர் போன பிறகு நான் அக்காவிடம் சண்டைக்குப் போனேன்.

"செத்துப்போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்லக்கா?"

"செத்திருந்தாச் சொல்லியிருப்பேன்."

"ஒரு உசுரு சம்பந்தப்பட்ட விஷயம்க்கா. இதுலயுமா?"

"நாளைக்கு இன்னொருத்தருக்கு நெசமாவே போயிருக்கும். அப்ப நான் போயிருச்சுன்னு சொன்னா யாரு நம்புவாக?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அந்த மனிதரின் கசங்கிய முகம் வேறு கண்ணைவிட்டு அகலவில்லை. அவர் மகளைக் கண்டுபிடித்தால் கட்டிக்கொண்டு அழுவாரா, வெட்டிப்போடுவாரா? இரண்டும் எங்கள் பக்கத்தில் நடந்திருக்கிறது. முகத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அவருக்கேகூட அன்று தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த தடவை அவர் வரவில்லை. அவருடைய தம்பி மகன்கள் பைக்குகளில் வந்தார்கள். நல்ல வெயில் நேரம், சாலை நிறைய ஆட்கள். ஒருவன் உரச்சாக்கை விரித்துப் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் பின் அலமாரியில் பெயர் ஒட்டி அடுக்கியிருந்த டிஸ்க்குகளையெல்லாம் அள்ளிப் போட்டார்கள். எது எவருடையது என்று பார்க்கவில்லை. மேசை மேல் இருந்தவற்றையும் வாரினார்கள்.

"ஏலே, அது மத்தவுக பொருளு. வைங்கடா" என்று அக்கா குறுக்கே போய் நின்றார். ஒருவன் தள்ளிய தள்ளில் மேசை விளிம்பில் விழுந்தார். முழங்கை கிழிந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் டம்ளரும் கையுமாக நின்று பார்த்தார்கள். ஒருவரும் வரவில்லை. வண்டிகள் போன பிறகு நான்தான் ஓடிப்போய்த் தூக்கினேன்.

துணியைக் கிழித்துக் கையில் கட்டிக்கொண்டு, கடையைப் பூட்டினார்.

"ஆஸ்பத்திரிக்குத்தான?" என்றேன்.

"அவுக வீட்டுக்கு."

நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல நடக்க ஆரம்பித்துவிட்டார். தனியாக விட மனமில்லாமல் நானும் போனேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எட்டி நடந்தேன். தோட்டத்தை ஒட்டிய வீடு. பந்தலில் திராட்சை பழுத்துக் கிடந்தது, பறிக்க ஆள்விடவில்லை போல. குலைகளில் குளவி மொய்த்தது. அந்தப் பெண்ணின் அப்பா முற்றத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலடியில் சாக்கு கிடந்தது. தம்பி மகன்களில் ஒருவன் கேட்டருகே பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"சாக்க வாங்கிட்டுப் போக வந்தேங்கய்யா" என்றார் அக்கா. "உங்க மகளோடது இதுல இல்ல."

"இல்லைன்னு நீ சொன்னா நம்பணுமா?"

"அன்னைக்கு இருக்குன்னு நாந்தேன சொன்னேன். அத நம்பித்தேன இத எடுத்துட்டு வந்திருக்கீக. இப்ப இல்லைன்னு சொல்றேன், அதையும் நம்புங்க. இதுல இருக்கறது யாரு யாரோடதோ. ஆஸ்பத்திரியில இருக்கறவுக, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக, செத்துப்போனவரோடதுகூட ஒண்ணு இருக்கு. அவுகெல்லாம் உங்கள என்ன பண்ணுனாக?"

அவர் அக்காவின் முழங்கைக் கட்டைப் பார்த்தார். ரத்தம் ஊறியிருந்தது. யாரு தள்ளுனது என்று கேட்கவில்லை. பார்வையைத் திருப்பிக்கொண்டு, உள்ளே பார்த்து, "இந்தா, இதத் தூக்கிக் குடுத்து அனுப்பு" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குள் இறங்கிப் போய்விட்டார்.

அம்மாக்காரி வந்தார். சாக்கைத் தூக்குவதுபோலக் குனிந்தவர் நிமிரவில்லை. குனிந்தபடியே, உதடு அசைவது தெரியாமல் பேசினார்.

"அவ படத்தையெல்லாம் எரிச்சுப்புட்டாக. சடங்குல எடுத்த ஆல்பத்தக்கூட விடல. அந்த டிஸ்க்குல அவ மொகம் இருக்கும்லத்தா? ஒண்ணே ஒண்ணு எடுத்துக் குடு. யாருக்கும் தெரியாம வச்சுக்கிறேன்."

அக்கா சரியென்று சொல்லிவிட வேண்டும் என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அவர் சாக்கின் முனையைப் பிடித்தார். பிறகு சொன்னார்:

"அவகிட்டக் கேட்டுச் சொல்றேன்."

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்துவிட்டது என்று அவருக்கே உறைத்தது. அவர் முகம் வெளுத்ததை அன்றுதான் பார்த்தேன். மகள் இருக்கிறாள். கூப்பிட்டுக் கேட்கக்கூடிய இடத்தில் இருக்கிறாள். அது அக்காவுக்குத் தெரியும். அம்மாக்காரியின் கண்கள் விரிந்தன. கேட்டருகே பைக் துடைக்கிற சத்தம் நின்றிருந்தது.

அடுத்த நொடி அம்மாக்காரி நிமிர்ந்து, தோட்டம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார். "போடி வெளிய! எங்குடி கெட்டுக் கெடக்கு, இவ சாக்க வாங்க வந்துட்டா! இனி இந்த வாசல்ல கால வச்ச, நடக்கறதே வேற!" சாக்கை அக்காவின் மேல் தள்ளினார். தள்ளும்போது, சாக்குக்கு அடியில், அவர் கை அக்காவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து விட்டதைப் பக்கத்தில் நின்ற நான் பார்த்தேன். கேட்டருகே துடைக்கிற சத்தம் மறுபடி தொடங்கியது.

திரும்பி வரும் வழியில் ஆளுக்கொரு முனையாகச் சாக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். வாய்க்கால் பாலம் தாண்டிய பிறகுதான் எனக்குப் பேச்சு வந்தது.

"எங்கன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"இடம் தெரியாது. நான் கேக்கல. அவுக அப்பா வந்துட்டுப் போனதுக்கப்புறம் போன் பண்ணுச்சு, டிஸ்க்கு வேணும்னு. குமுளி பஸ் ஸ்டாண்டுல போயி அது கையில குடுத்துட்டு அடுத்த பஸ்ஸுலயே வந்துட்டேன்."

"நல்லாருக்கா?"

"இளைச்சிருக்கு."

சாக்கிலிருந்த ஒவ்வொன்றையும் அவர் உரியவர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். நன்றி சொன்னவர்கள் அதிகமில்லை. எங்கள் வீட்டு விஷயத்தை இவள் இத்தனை நாள் அலமாரியில் வைத்திருந்தாளா என்று திட்டியவர்கள்தான் நிறைய. கடைக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். பெரிய இடத்துப் பகை எதற்கு என்று கட்டிடத்தின் சொந்தக்காரர் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அக்கா மறுத்துப் பேசவில்லை. மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில், தெரிந்தவர் ஒருவர் கடை வைக்க இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்.

சாமான்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்த அன்று காலை அந்தப் பெண்ணின் அம்மா வந்தார். கையில் கோயில் தட்டு. கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருப்பார். நேராக என் கடைக்குள் நுழைந்து ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டார். நான் பலகையைத் தட்டினேன். அக்கா வந்தார்.

"கேட்டியா?" என்றார் அந்த அம்மா.

"கேட்டேன்."

நான் அக்காவின் முகத்தையே பார்த்தேன். நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லலாம். போன் கிடைக்கவில்லை என்று சொல்லலாம்.

"குடுக்க வேணாம்னு சொல்லிருச்சும்மா. முன்னாடி அப்பா என்னைய வீட்டுல பூட்டி வச்சப்ப சாவி அம்மா கையிலதேன் இருந்துச்சு, அவுகளுக்கு என் மொகம் எதுக்குன்னு கேட்டுச்சு."

அந்த அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். தேங்காய்மூடி தட்டில் உருண்டு ஒரு ஓரமாகப் போய் நின்றது. அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

"அதுவே சொல்லுச்சா? அது வாயாலயே?"

"ஆமா."

"குரலு நல்லாருந்துச்சா?"

வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

"நல்லாருந்துச்சும்மா. தெளிவாப் பேசுச்சு."

"அது போதும்த்தா" என்று சொல்லிவிட்டு, தட்டிலிருந்த விபூதியை எடுத்து அக்காவின் நெற்றியில் வைத்தார். தலையை முந்தானையால் மூடிக்கொண்டு, வந்த வழியே போகாமல் பின் சந்து வழியாக இறங்கிப் போனார்.

ஆட்டோவில் டேபிள் ஃபேனை மடியில் வைத்துக்கொண்டு அக்கா ஏறி உட்கார்ந்தார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுங்க என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்க்காமல், ஃபேனின் ஒயரைச் சுற்றிக்கொண்டே பேசினார்.

"அந்தப் பிள்ள போன்ல பேசுனதே பாதிதேன் எனக்குப் புரிஞ்சுது. அம்புட்டு அழுகை."

ஆட்டோ கம்பம் போகும் சாலையில் திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு, கடைக்குள் போய் மெஷினைப் போட்டேன். வக்கீல் குமாஸ்தா காத்துக்கொண்டிருந்தார்.